குதிகால் திண்டு தளரும் வயது

“தரை முந்தி மாதிரி இல்லப்பா, காலைக் குத்துது.” அறுபதை நெருங்கும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாத வீடு சிங்கப்பூரில் குறைவு. இருபது ஆண்டுகளாக அதே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு, அதே வழவழப்பான டைல்ஸ். வாயு என்பார்கள், எடை கூடிவிட்டது என்பார்கள், மூட்டு தேய்ந்துவிட்டது என்பார்கள். “வயசாச்சுல்ல” என்று முடிப்பார்கள். அந்தக் கடைசிக் காரணம் ஓரளவு சரி. ஆனால் வயதானால் காலுக்குள் என்ன ஆகிறது என்று கேட்டால், “கொழுப்பு கரைஞ்சிடும்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். கொழுப்பு குறைவது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. கொழுப்பைக் கட்டிப் பிடித்திருக்கும் சுவர்கள் தளர்ந்துபோவதுதான் பெரிய மாற்றம். எந்தச் செருப்பு வாங்குவது, எந்த ஊசிக்குச் சம்மதிப்பது, எதற்குப் பணத்தை வீணாக்காமல் இருப்பது எல்லாம் இதைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தவை.

குதிகால் எலும்பின் அடிப்பகுதிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. எடை ஏற்றாமல் அளந்தால் வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 18 மில்லிமீட்டர் தடிமன். ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றில் சேரும் கொழுப்போடு இதற்குப் பெயரளவில்தான் உறவு. தொப்பை என்பது உடல் பின்னாளுக்கு எடுத்துவைக்கும் சேமிப்பு. பட்டினி கிடந்தால் கரையும், பிரியாணி சாப்பிட்டால் நிரம்பும். குதிகாலில் இருப்பது உறுப்பைத் தாங்குவதற்காகவே அமைந்த கொழுப்பு. டயட் இருந்தால் அது எளிதில் கரையாது. அதேபோல, நன்றாகச் சாப்பிட்டு அதைத் திரும்ப நிரப்பவும் முடியாது. “ஒல்லியா இருக்கீங்க, அதான் கால் வலிக்குது, நல்லா சாப்பிடுங்க” என்று அக்கறையோடு சொல்லும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இந்தத் திண்டின் உள்ளமைப்பை 1921இல் டீட்ஸ என்ற ஜெர்மானியர் விவரித்தார். 1930களில் இன்னொரு ஜெர்மானியரான உடற்கூறியலாளர் பிளெஷ்மிட் அதை நுணுக்கமாக ஆராய்ந்தார். அவர்கள் கண்டது வெறும் கொழுப்புக் கட்டியை அல்ல. உறுதி தரும் கொலாஜன், மீள்தன்மை தரும் எலாஸ்டின் ஆகிய புரதங்கள் கலந்த நார்ச்சுவர்கள் எலும்பிலிருந்து தோல்வரை வளைந்து வளைந்து ஓடி, நூற்றுக்கணக்கான மூடிய அறைகளை உண்டாக்கியிருந்தன. ஒவ்வோர் அறைக்குள்ளும் கொழுப்பு. தோலை ஒட்டிய அடுக்கில் அறைகள் மிகச் சிறியவை, சுவர்கள் தடித்தவை. நாம் அடி வைக்கும்போது இந்த அடுக்கு அதிகம் அமுங்குவதில்லை. அதற்கு மேலே, எலும்பை ஒட்டிய பெரிய அறைகள்தான் அமுங்கிக் கொடுக்கின்றன. கீழே உள்ள கெட்டியான அடுக்கு ஒரு கிண்ணம்போல அவற்றை ஏந்திப் பிடிக்கிறது.

கொழுப்பு உடல் வெப்பத்தில் திரவத்தைப்போல நடந்துகொள்ளும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஒதுக்கத்தான் முடியும். தேக்கா சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே தாரிக்கை நினைத்துப் பாருங்கள். முடிச்சு இறுக்கமாக இருந்தால் பை உருண்டையாக, விறைப்பாக நிற்கும். உள்ளங்கையால் அழுத்தினாலும் எதிர்த்து நிற்கும். முடிச்சு தளர்ந்தால் அதே தேநீர் பக்கவாட்டில் வழிந்து பை தட்டையாகிவிடும். தேநீரின் அளவு குறையவில்லை, பிடிதான் போனது. குதிகாலில் நடப்பதும் ஏறத்தாழ இதேதான்.

சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போது, உடலின் எடையைவிடச் சற்று அதிகமான விசை ஒற்றைக் கால்மேல் இறங்குகிறது. ஓடினால் அது இரண்டு, மூன்று மடங்காகிறது. 60 கிலோ எடையுள்ளவர், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தேசிய அடிகள் சவாலை மனத்தில் வைத்து ஒரு நாளில் 10,000 அடி நடந்தால், ஒவ்வொரு குதிகாலும் 5,000 முறை தரையைத் தொடுகிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு குதிகாலுக்கு மட்டும் 300 டன்னைத் தாண்டும். ஒவ்வோர் அடியிலும் திண்டு ஏறக்குறையப் பாதி அளவுக்கு அமுங்கி, கால் மேலெழுந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இருபது வயதில் இதை நாம் உணர்வதே இல்லை.

நாற்பதுகளிலிருந்து அந்தச் சுவர்களில் மாற்றம் தொடங்குகிறது. எலாஸ்டின் இழைகள் அங்கங்கே அறுந்து துண்டாகின்றன, கொழுப்பைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. நார்ச்சுவர்கள் தடித்துப்போய் நெகிழ்வை இழக்கின்றன. கொழுப்பு அறைகள் சிறுக்கின்றன, நீர்ச்சத்து குறைகிறது. விளைவாக, பிடி தளர்ந்தாலும் திண்டு எளிதில் அமுங்கிக் கொடுக்காமல் விறைப்பாகிறது. அமுங்கினால் திரும்பி எழத் தாமதிக்கிறது. முதியவர்களின் குதிகாலை அல்ட்ராசவுண்டில் அளந்த ஆய்வுகள் சிலவற்றில் திண்டு இளையவர்களுடையதைவிட மெலிந்திருக்கவில்லை, தடித்தே இருந்தது. ஆனால் அமுங்கி எழும் தன்மை குறைந்திருந்தது. ஆகவே ஸ்கேன் எடுத்து “தடிமன் சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டால் வலி மனக்கற்பனை என்று ஆகிவிடாது. தடிமன் ஓர் எண் மட்டுமே. எடையோடு எவ்வளவு, எடையில்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டால்தான் திண்டு வேலை செய்கிறதா என்று தெரியும்.

இன்னொரு வேலையும் திண்டுக்கு உண்டு. அதிர்வை உணரும் நரம்பு நுனிகள் அதற்குள் இருக்கின்றன. கால் எங்கே படுகிறது, தரை வழுக்குகிறதா, சரிவா என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும் வழிகளில் இதுவும் ஒன்று. வயதாக ஆக இந்த அதிர்வுணர்வும் மங்குகிறது. காலணி பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

முன்பாதத்தின் கதை சற்று வேறு. விரல்களுக்குப் பின்னால், நாம் எட்டிப் பார்க்கக் கால் உயர்த்தும்போது தரையில் ஊன்றும் இடத்தில், ஐந்து எலும்பு முனைகளுக்கு அடியிலும் இதேபோன்ற திண்டு உண்டு. விரல்கள் வயதில் வளைந்து நகம்போல மடங்கத் தொடங்கினால், அந்தத் திண்டும் அவற்றோடு முன்னால் இழுக்கப்பட்டுவிடும். திண்டு இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எலும்பு முனை நேரடியாகத் தோலை அழுத்துகிறது. அங்கே காய்ப்பும் கால் ஆணியும் வருகின்றன. முடக்குவாதம் என்ற மூட்டழற்சி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கால் ஆணியைச் சீவிச் சீவி எடுப்பதால் அது போகாது என்பதற்கும் காரணம் இதுதான்: அழுத்தம் அங்கேயே இருக்கிறது.

குதிகால் வலி என்றாலே இப்போது எல்லோர் வாயிலும் வருவது பிளாண்டர் ஃபாசியைட்டிஸ். உள்ளங்காலின் நீளத்துக்கு ஓடும் தடித்த நார்ப்பட்டை, குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவது. அது உண்மையிலேயே அதிகம் காணப்படும் பிரச்சினைதான். ஆனால் திண்டு தளர்ந்த வலியும் அதே பெயரில் போய்விடுகிறது. நார்ப்பட்டை வலி காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் சுரீரென்று வரும், கொஞ்சம் நடந்தால் தணியும், குதிகாலின் முன்பக்கம் உள்ளோரமாக இருக்கும். திண்டு வலி குதிகாலின் நட்ட நடுவில், ஆழத்தில், அடிபட்டுக் கன்றிப்போனதுபோல இருக்கும். காலையில் அவ்வளவு தெரியாது. வெறுங்காலோடு கடினத் தரையில் நிற்க நிற்க, நாள் ஏற ஏறக் கூடும். கட்டைவிரலால் நடுக்குதிகாலை அழுத்தினால் அடியில் எலும்பு தட்டுப்படுவதுபோல இருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், அது வேறு தொல்லை.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் ஊசி. நார்ப்பட்டை வலிக்குச் சில நேரம் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்த மருந்து கொழுப்புத் திசுவையே நலியச் செய்யக்கூடியது. திண்டு மெலிவது அந்த ஊசியின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஏற்கெனவே தளர்ந்த திண்டுக்குள் அதைப் போட்டால் இருக்கும் பாதுகாப்பும் போகலாம். “ஒரு ஊசி போட்டா சரியாயிடுமாம்” என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள், வலி எப்போது வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்பதை மருத்துவரிடம் முதலில் விவரமாகச் சொல்வது நல்லது. இரவில் படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், கால் ஊன்றவே முடியாத நிலை என்றால் இவை எதுவும் இல்லாமல் எலும்பு முறிவோ வேறு நோயோ இருக்கலாம். அப்போது தாமதிக்கக் கூடாது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். செருப்பை வாசலில், நடைபாதையோரச் செருப்பு அலமாரியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழைவது நம் வழக்கம் மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லாச் சிங்கப்பூரர்களின் வழக்கமும்தான். கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டிய டைல்ஸ் கொஞ்சமும் அமுங்காது. மண் தரையும் சாணம் மெழுகிய திண்ணையும் இருந்த காலத்தில் தரையே கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. இன்று அந்த வேலை முழுவதும் குதிகாலின் தலையில். சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்று இட்லி, சாம்பார், மதியச் சாப்பாடு என்று முடிக்கும் ஒரு பெண்மணி, அங்காடிக்கு நடந்து போய்வருபவரைவிடத் தன் குதிகாலை அதிகம் வருத்தக்கூடும். நடக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது, திண்டுக்கு மீண்டெழ நேரம் கிடைக்கிறது. நிற்கும்போது அந்த ஓய்வு இல்லை.

பாத மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: “அங்கிள், வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா?” அதற்கு நம்மவர்களின் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “சாமி படம் இருக்கிற வீட்டுல எப்படிம்மா செருப்பு போடுறது?” அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மருத்துவர் சொல்வதிலும் இருக்கிறது. வெளியே போடாத, கழுவி வைத்துக்கொள்ளும் ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்து, பூசை மாடத்துக்கு முன்னால் மட்டும் கழற்றுவது பல குடும்பங்கள் இப்போது கண்டிருக்கும் நடுவழி. அதுவும் மனம் ஒப்பவில்லை என்றால், அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் முன்னால் தடித்த, வழுக்காத ரப்பர் பாய் ஒன்றைப் போடலாம். அதில் சாத்திரச் சிக்கல் எதுவும் இல்லை.

கோயிலில் அப்படிச் செய்ய முடியாது. கருங்கல் தரையில் பிரகாரம் சுற்றுவது, தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பது, இவையெல்லாம் நேர்த்திக்கடன். செருப்பு போடுங்கள் என்று எழுதுவது அர்த்தமற்றது. பால்குடம் எடுக்கும் அறுபது வயதுக்காரருக்கு, அதற்கு முந்தைய வாரங்களில் குதிகாலுக்கு ஓய்வு கொடுங்கள், கூட்டமும் வெயிலும் குறைந்த அதிகாலை நேரத்தில் நடையைத் தொடங்குங்கள், முடிந்ததும் சில நாள் நல்ல காலணியோடு இருங்கள் என்றுதான் சொல்ல முடியும். “அந்தக் காலத்துல நாங்க செருப்பே போட்டதில்ல” என்பவர்களின் பேச்சிலும் ஓர் உண்மை உண்டு. வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களுக்குப் பாதத் தோல் தடிக்கும்; அப்படித் தடித்தாலும் தொடுவுணர்வு குறைவதில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது தோலின் காய்ப்பு. கல்லும் முள்ளும் குத்தாமல் காக்கும். அதற்கு மேலே இருக்கும் திண்டு தளர்வதை அது தடுக்காது.

ஒரு விதிவிலக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன சமரசங்கள் பொருந்தாது. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். சிங்கப்பூர் இந்தியர்களிடையே இந்நோய் சீனர்களைவிட அதிகம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. ரத்தத்தில் நீண்ட காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு திண்டின் சுவர்களை இன்னும் விறைப்பாக்குகிறது. முதுமை மெதுவாகச் செய்வதை அது முன்கூட்டியே செய்கிறது. கூடவே நரம்பு மரத்துப்போகிறது. எலும்பு முனை தோலை அழுத்துகிறது, ஆனால் வலி தெரியாது. சாலைச் சூட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வலிக்கிறது என்று புலம்பும் பாதத்தைவிட, வலிக்கவே இல்லை என்று அமைதியாக இருக்கும் நீரிழிவுப் பாதத்தைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் அஞ்சுவார்கள். பலதுறை மருந்தகங்களில் நடக்கும் பாதப் பரிசோதனையில் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் செய்துகொள்ள வேண்டும், வெறுங்கால் நடைக்கு முன்னால் மருத்துவரிடம் கேட்கவும் வேண்டும்.

காலணிக்கு வருவோம். சுவர் தளர்வதுதான் சிக்கல் என்றால், தேவை வெறும் மென்மை அல்ல, பிடிமானம். காலணியின் பின்பகுதி குதிகாலை இரு பக்கமும் அணைத்துப் பிடித்தால், பக்கவாட்டில் ஒதுங்கும் கொழுப்பு மீண்டும் எலும்புக்கு அடியில் குவிகிறது. விறைப்பான பின்புறம் உள்ள காலணி அதிர்ச்சியைக் குறைக்கிறது என்று பரிசோதனைகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கடையில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. காலணியின் பின்சுவரைக் கட்டைவிரலால் உள்நோக்கி அழுத்துங்கள். அட்டைபோல மடங்கினால் அது குதிகாலைப் பிடிக்காது. பின்னால் வெறும் வார் மட்டும் உள்ள செருப்பும் பிடிக்காது. ரப்பர் சிலிப்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே வைக்கும் சிலிகான் குதிகால் திண்டு வாங்கினால் தட்டையானதை விட்டு, ஓரம் உயர்ந்து கிண்ணம்போல இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காலில்தான் வலி என்றாலும் இரண்டு காலணியிலும் வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு கோணும். பாதத்தைச் சுற்றி டேப் ஒட்டிக் கொழுப்பைக் குவித்துப் பிடிக்கும் முறையும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. பாத மருத்துவர் ஒருமுறை ஒட்டிக் காட்டினால் வீட்டில் பழகிக்கொள்ளலாம். ஒட்டியதும் வலி குறைந்தால், சிக்கல் திண்டில்தான் என்பதற்கு அதுவே ஒரு சான்று.

அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். வயதில் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளும், அகலும். முப்பது வயதில் எட்டாம் எண் போட்டவர் அறுபதிலும் அதையே கேட்டு வாங்குவார், விரல்கள் உள்ளே மடங்கிக் கிடக்கும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போவது நல்லது.

மேகத்தின்மேல் நடப்பதுபோல இருக்கும் என்று விற்கப்படும் தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூக்கள் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. முதல் பத்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முதியவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், அடிப்பாகம் தடிமனாகவும் மெத்தென்றும் ஆக ஆகச் சமநிலை குறைந்தது. மெல்லிய, உறுதியான அடிப்பாகத்தில் அவர்கள் தடுமாறாமல் நடந்தார்கள். ஏற்கெனவே மங்கிவரும் அதிர்வுணர்வுக்கும் தரைக்கும் நடுவில் இன்னொரு பஞ்சடுக்கைப் போட்டால் கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் போகும். குதிகால் வலியைத் தணிக்கப் போய்க் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது நல்ல பேரம் அல்ல. உறுதியான அடிப்பாகம், குதிகாலில் மட்டும் சற்று மென்மை, பின்புறம் விறைப்பு: அலுப்பூட்டும் ஷூதான், ஆனால் அதுதான் உதவும்.

கொழுப்பை வேறிடத்திலிருந்து எடுத்துப் பாதத்தில் செலுத்தும் சிகிச்சையும் உலகில் நடக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்பாதத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். செலுத்திய கொழுப்பால் கூடிய தடிமன் நாளடைவில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வலிக் குறைவோ இரண்டு ஆண்டுகள்வரை நீடித்தது. தடிமன் மட்டுமே கணக்கு அல்ல என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு. இது அன்றாட சிகிச்சையாக ஆகிவிடவில்லை. யாராவது ஆசை காட்டினால் நிதானமாக யோசியுங்கள்.

2026 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் ஓய்வுபெறும் வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69. அந்த வயதிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் காண்டோ வாயிலில் பாதுகாவல் அதிகாரியாகவும், உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுப்பவராகவும், கடையில் கல்லாவுக்குப் பின்னாலும் நாள் முழுவதும் நிற்கிறவர்கள். சிலருக்குக் கொடுக்கப்படும் சீருடைக் காலணி பளபளப்பாக இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. குதிகால் வலியோடு மருந்தகம் வருபவரிடம் “ரொம்ப நேரம் நிக்காதீங்க” என்று சொல்லி அனுப்புவது எளிது. அவர் அதை மேலாளரிடம் போய்ச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம். மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சில நிமிடம் உட்கார அனுமதி, நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய், குதிகாலைப் பிடிக்கும் சொந்தக் காலணியைப் போட அனுமதி என்று மூன்றையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றில் நிறுவனத்துக்குச் செலவு வைப்பது அந்தப் பாய் ஒன்றுதான்.